எட்டு மைல் நடந்து வந்தவர்

சிலிண்டரின் திருகில் வைத்த கையை எடுக்காமல் மாரிசெல்வி அப்பாவின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கருத்தையா கண்களை மூடி, மூக்கில் செருகிய குழாய் வழியாக வந்த ஆக்சிஜனை நிதானமாக உள்ளே இழுத்தார். அவர் முகத்துக்கு நேரே மைக். அதற்கு அப்பால் சுவரில் ஒரு டிவி. அதில் அவரே, ஒரு வருடத்துக்கு முந்தைய உடம்போடு, தோளில் துண்டு போட்டுக்கொண்டு ஓர் ஓட்டு வீட்டு வாசலில் நின்றிருந்தார். படத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"பேசும்போது மட்டும் அடைச்சாப் போதும்க்கா," என்றார் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சின்னக்கருப்பன். "உஸ்ஸுன்னு ஒரு சத்தம் மைக்ல விழுகுது. அது விழுந்தா சென்னையில எடுத்துக்க மாட்டாக."

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடியில் இருந்தது அவருடைய ஸ்டுடியோ. கோயில் கொடியேற்றம், ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம் என்று ஆட்டோவில் கட்டிக்கொண்டு போகும் அறிவிப்புகளைப் பதிவுசெய்கிற இடம். சினிமாவுக்கு அங்கே இதுவரை யாரும் பேசியதில்லை. கருத்தையாவை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வாடகைக் காரில் கொண்டுவந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, டிரைவரும் சின்னக்கருப்பனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படியேற்றியிருந்தார்கள். தூக்குவதற்கு அவ்வளவாகச் சிரமம் இருக்கவில்லை. எட்டு மாதத்தில் அவர் பாதி ஆளாகியிருந்தார்.

"ஆரம்பிப்பமா அண்ணாச்சி?"

கருத்தையா கண்ணைத் திறந்து மகளைப் பார்த்துத் தலையசைத்தார். மாரிசெல்வி திருகை அடைத்துவிட்டுக் குழாயைக் கழற்றினாள். டிவியில் படம் நகர்ந்தது. வாசலில் நின்றவர் வாயைத் திறந்தார்.

"பஸ்ஸு இல்ல தாயி. நடந்தே வந்துட்டேன். உள்ளயெல்லாம்..."

அதற்கு மேல் வரவில்லை. இருமல் பிடித்துக்கொண்டது. மாரிசெல்வி பதறிக் குழாயை மாட்டினாள். அவர் நெஞ்சு ஏறி இறங்கி அடங்கப் பத்து நிமிடம் ஆயிற்று.

முப்பது வருடமாகக் கருத்தையா சினிமாவில் இருந்தார். தலையாரி, கான்ஸ்டபிள், டீக்கடைக்காரர், மணப்பெண்ணின் தாய்மாமன், பஞ்சாயத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து "அதெப்படிங்க முடியும்" என்று கேட்கிறவர். அவர் முகம் எல்லாருக்கும் தெரியும்; பேர் யாருக்கும் தெரியாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், "ஒங்கள எங்கயோ பாத்திருக்கேனே, கோவாப்டெக்ஸ்லயா இருக்கீக?" என்று கேட்பார்கள். அவரும் ஆமாம் என்று சொல்லிவிடுவார்.

அவருக்கு ஒரே ஒரு குறை. பெரும்பாலான படங்களில் அவர் வாய்க்கு வேறு யாரோதான் குரல் கொடுத்திருந்தார்கள். இரண்டு வரி பேசுகிறவரைச் சென்னையில் தங்கவைத்து டப்பிங் பேசவைக்க யாருக்கும் பொறுமை இல்லை. ஸ்டுடியோவில் இருக்கிற யாராவது பேசிவிடுவார்கள். வீட்டில் டிவியில் தன் படம் வந்தால், தன் காட்சி வரும் நேரத்தில் சத்தத்தைக் குறைத்துவிட்டு அந்த இரண்டு வரியையும் தானே பேசிக்காட்டுவார். மாரிசெல்விக்கு அது சின்ன வயதில் பெரிய விளையாட்டு. அண்ணன் சங்கிலிப்பாண்டிக்கு அப்படி இல்லை. கதாநாயகனிடம் அறை வாங்குகிற வேடம் அப்பாவுக்கு அடிக்கடி வரும். "ஒங்கப்பாவுக்கு இந்தப் படத்துல எத்தன அறைலே?" என்று பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். போலீஸில் சேர்ந்த பிறகு ஸ்டேஷனிலும் கேட்டார்கள். அவன் அப்பாவின் படங்களைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டான்.

போன வருடம்தான், வல்லரசு என்ற புது இயக்குநர் கதாநாயகியின் அப்பா வேடத்தைக் கொடுத்தார். படம் முழுக்க வருகிற வேடம். சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போன மகளிடம் ஆறு வருடம் பேசாமலிருந்து, ஒருநாள் அவளைத் தேடிப் போகிற, காடுகரை பார்க்கிற சம்சாரி. முக்கால்வாசி டப்பிங்கைச் சென்னையில் இருந்தே பேசி முடித்தார். இந்த ஒரு காட்சி பாக்கி நின்றபோது நுரையீரல் இறுகிக்கொண்டது. போன வாரம் பெரிய டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நாள் கணக்குத்தான் என்பதை மாரிசெல்வியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

"வேற ஆளு பேசட்டும்ப்பா," என்று அண்ணன் போனில் சொன்னான். மாரிசெல்வியிடம் தனியாக, "அவரக் கிளப்பிக் கொண்டு போயிராத. வழியில எதும் ஆச்சுன்னா ஒன்னச் சும்மா விடமாட்டேன்," என்றான். அவன் அப்படித்தான் பேசுவான். இன்று காலையில் கார் ஏறும்போது அவனிடம் அவள் சொல்லவில்லை.

இரண்டாவது முறை முழுசாக வந்துவிட்டது.

"பஸ்ஸு இல்ல தாயி. நடந்தே வந்துட்டேன். உள்ளயெல்லாம் வரல. ஒம் மொகத்தப் பாக்கணும்போல இருந்துச்சு. பாத்துட்டேன்."

ஒவ்வொரு வரிக்கும் நடுவில் மூச்சு இரைத்தது. சென்னையிலிருந்து லேப்டாப் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த வல்லரசு எழுந்தே நின்றுவிட்டார்.

"சார், பிரமாதம் சார். அந்த மூச்சு வாங்குறது அப்படியே சீனுக்குப் பொருந்துது. அவ்வளவு தூரம் நடந்து வந்த மனுஷன்தானே. ஓகே சார், ஓகே. நீங்க வீட்டுக்குக் கிளம்புங்க."

மாரிசெல்வி குழாயை மாட்டித் திருகைத் திறந்தாள். அப்பாடா என்றிருந்தது. கருத்தையா குழாயோடு தலையை இடவலமாக ஆட்டினார்.

"ஓகே இல்ல தம்பி."

கொஞ்ச நேரம் ஆக்சிஜனை இழுத்தார். சின்னக்கருப்பன் கண்ணாடிக்குப் பின்னால் காத்திருந்தார்.

"இந்த ஆளு சம்சாரி. எங்கப்பா மம்சாபுரத்துல சம்சாரியாத்தான் இருந்தாரு." மறுபடி இழுத்தார். "எட்டு மைலு நடந்து வருவாரு, தலையில மூட்டையோட. ஒருநாளும் மூச்சு வாங்கிப் பாத்ததில்ல. எளைப்பு எனக்கு. இவனுக்கு எதுக்கு அதக் குடுக்கணும்?"

லேப்டாப்பில் வல்லரசு மெல்ல உட்கார்ந்தார். "நீங்க சொல்றதுதான் சார் சரி," என்றார். "ஆனா ஒங்க உடம்பு..."

"அப்பா, அவுகளே போதும்ங்கிறாக," என்றாள் மாரிசெல்வி. "ஒதடு நீலமா இருக்கு. கெளம்புவோம்."

அவர் கெஞ்சவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். படப்பிடிப்பில் வெயிலில் காத்துக் கிடந்த வருடங்களில் பழகிய பொறுமை அது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அப்படி உட்கார்ந்திருப்பார். மாரிசெல்விக்கு அண்ணனின் முகம் மனதில் வந்துபோனது. தான் வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனியில் லீவு சொல்லாமல் வந்தது வந்துபோனது. அவள் திருகில் கை வைத்தாள்.

"ஒரே தடவைதான்ப்பா."

இந்த முறை அவர் மடியில் இருந்த கைகளை எடுத்து முழங்காலில் ஊன்றினார். முதுகு நிமிர்ந்தது. திருகு அடைபட்டது. டிவியில் இருந்தவர் வாயைத் திறக்க, நாற்காலியில் இருந்தவர் பேசினார். மாரிசெல்விக்கு அது அப்பா என்றே தோன்றவில்லை. வரப்பில் நின்று பேசுகிற ஒரு மனிதரின் அலட்டலில்லாத குரல். "பாத்துட்டேன்" என்று முடிகிறவரை ஒரு சின்ன இரைப்புகூட இல்லை. முடிந்ததும் அவர் விரல்கள் முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தன. அவள் குழாயை மாட்டித் திருகைத் திறந்தாள்.

"கட்," என்று மெதுவாகச் சொன்னார் சின்னக்கருப்பன். ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை போல. அது இயக்குநர் சொல்கிற சொல்.

சாயங்காலம் வீட்டில் கருத்தையா ரசச் சோறு கேட்டு வாங்கி நாலு வாய் சாப்பிட்டார். இருட்டுவதற்குள் தூங்கிவிட்டார். எட்டு மாதமாகச் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கிய மனிதர், அன்று ஒரு தலையணையில் ஒருக்களித்துப் படுத்திருந்தார்.

மறுநாள் காலையில் பால் காய்ச்சிக்கொண்டு மாரிசெல்வி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவளுக்கு முதலில் புரியவில்லை. கட்டில் பக்கத்தில், வீட்டில் எந்நேரமும் இரைகிற ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் முகத்தில் எந்த அவஸ்தையும் இல்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து மெஷினை நிறுத்தினாள்.

எட்டு மாதத்தில் முதல்முறையாக வீடு அமைதியானது. தெருவில் யாரோ குடத்தில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது. இனி அவர் மூச்சுக்குத் தவிக்க வேண்டாம் என்ற நினைப்பு வந்ததும் அவள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அழுகைக்கு முன்னால் வந்தது அந்த நிம்மதிதான். அது அவளுக்கே கூச்சமாக இருந்தது.

ஒன்பது மணிக்கெல்லாம் ஊர் கூடிவிட்டது. நடிகர்கள் யாரும் வரவில்லை. வல்லரசு ஒரு மாலைக்கு ஏற்பாடு செய்திருந்தார். ஆனால் முன்பின் தெரியாத ஆட்கள் வந்தார்கள். ஒரு பஸ் கண்டக்டர் சீருடையோடு வந்து முகத்தை உற்றுப் பார்த்து, "இவுகளா! இவுக நம்மூரா?" என்று கேட்டுவிட்டு, கும்பிட்டுப் போனார்.

விருதுநகரிலிருந்து சங்கிலிப்பாண்டி வந்தான். அப்பாவின் காலடியில் நின்றான். தங்கச்சியை ஒரு தடவை பார்த்தான். வாசலுக்குப் போய், பந்தல்காரரிடமும் வெட்டியானிடமும் பேசத் தொடங்கினான். அவன் ஏசிவிட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது மாரிசெல்விக்கு.

அப்பாவின் தங்கை தங்கபாய் அத்தைக்குக் கார் சமாச்சாரம் பக்கத்து வீட்டில் கிடைத்திருந்தது. ஒப்பாரிக்கு நடுவில் நிறுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"நேத்து ராசபாளையத்துக்குக் கொண்டு போயி மாடி ஏத்தி எறக்கிருக்கா. மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடந்த மனுசன! அந்த அலைச்சல்லதான் எங்கண்ணன் போயிட்டாக. ஏட்டி, யாரக் கேட்டுக் கூட்டிட்டுப் போன?"

கூட்டம் மாரிசெல்வியைத் திரும்பிப் பார்த்தது.

"நாந்தான் அத்தை கூட்டிட்டுப் போகச் சொன்னேன்."

வாசலில் நின்றிருந்த சங்கிலிப்பாண்டி சொன்னான். ஸ்டேஷனில் சொல்கிற மாதிரி, மறுகேள்விக்கு இடமில்லாமல். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஒப்பாரியை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

நாலு மணிக்கு எடுத்தார்கள். ஆம்பளைகள் மயானத்திலிருந்து திரும்பிக் குளித்து முடித்தபோது மேற்கே மலைமேல் மேகம் கட்டியிருந்தது. வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லில் சங்கிலிப்பாண்டி ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தான். மாரிசெல்வி போய் எதிரே நின்றாள்.

"ண்ணே, ஒங்கிட்டச் சொல்லாமப் போயிட்டேன்."

அவன் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தான்.

"மூணு தடவ குழாயக் கழட்டுனேன்ணே. ரெண்டோட போதும்னு சொல்லிட்டாக. அப்பாதான் இன்னொண்ணுன்னாரு. நான் மாட்டேன்னு சொல்லிருக்கணும். சொல்லல. நானே திருக அடச்சேன். ஒதடெல்லாம்..."

"தெரியும்."

அவள் நிமிர்ந்தாள்.

"நேத்து சாயந்தரம் எனக்குப் போன் போட்டாரு. நீ மாத்திர வாங்கப் போயிருந்தயாம். பத்து நிமிசம் பேசுனாரு. ஒரு வரி பேசுவாரு, செத்த நேரம் சும்மா இருப்பாரு. நானும் வைக்கல." துண்டைப் பிழிந்தான். "மூணாவதுல முடிச்சிட்டேம்லேன்னாரு. ஒன் தங்கச்சி பயந்து போனா, ஆனா நின்னாள்னாரு. அவள ஏசக் கூடாது, ஆமான்னு ரெண்டு தடவ சொன்னாரு."

மாரிசெல்விக்குக் கண் நிறைந்தது.

"நீ என்ன சொன்ன?"

அவன் துண்டை உதறித் தோளில் போட்டான்.

"இந்தப் படத்துல எத்தன அறைப்பான்னு கேட்டேன்."

"கேட்டியா?"

"ஒண்ணுகூட இல்லலேன்னாரு. சிரிச்சாரு பாரு... அம்புட்டு நேரம் சிரிச்சாரு, இருமவே இல்ல."

சொல்லும்போதே அவனுக்கும் சிரிப்பு வந்தது. பாதியில் முகம் கோணியது. துண்டை முகத்தில் போட்டுக்கொண்டான். மாரிசெல்வி கல்லின் ஓரத்தில் அவனோடு உட்கார்ந்தாள். எட்டு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று மெதுவாக இறங்கிப் போவது அவளுக்குத் தெரிந்தது.

"சாப்டியா நீ?" என்றான்.

"இல்ல."

பக்கத்து வீட்டிலிருந்து வந்த சாம்பார் சோற்றை அவனே தட்டில் போட்டுக் கொண்டுவந்தான். அவள் பசியோடு சாப்பிட்டாள். இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு உள்ளே வந்து, கழுவிவிட்ட ஈரம் காயாத தரையில் பாய் விரித்து, ஒரு நிமிடம் கண்ணை மூடலாம் என்று சாய்ந்தாள்.

துக்கம் கேட்கத் தாமதமாக வந்த சிலர் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். படியில் உட்கார்ந்திருந்த சங்கிலிப்பாண்டி எழுந்து கையைக் காட்டினான்.

"செத்த இங்கனயே உக்காருங்க," என்றான் தாழ்ந்த குரலில். "தங்கச்சி தூங்குது."

மழை வரும்போல இருந்தது. அவன் பந்தலுக்கு வெளியே கிடந்த நாற்காலிகளைச் சத்தமில்லாமல் ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே போடத் தொடங்கினான்.