கொழும்புக்குப் போன வெங்காயம்

கல்யாணமான ஒன்பதாம் மாதமே ரோச் கொழும்புக்குப் போய்விட்டான். அங்கே புறக்கோட்டையில் ஒரு வெங்காய மண்டியில் வேலை. அந்த மண்டிக்குத் தூத்துக்குடியிலிருந்து தோணியில் சரக்கு போகும். அதை அனுப்பும் வியாபாரி வேதமணி அண்ணாச்சியின் கிட்டங்கியில் அழுகல் பொறுக்கி மூட்டை தைக்கும் பெண்களில் அவன் மனைவி பிலோமியும் ஒருத்தி. 'இதை அவர்தானே இறக்குவார்' என்று நினைத்துக்கொண்டு தைப்பாள்.

இரண்டு வருடம் கழித்து இலங்கை அரசாங்கம் வெளிநாட்டு வெங்காயம் வரக்கூடாது என்று நிறுத்தியது. தங்கள் விவசாயிகளுக்கு நல்ல விலை கிடைக்க வேண்டுமாம். கிட்டங்கியைப் பூட்டினார்கள். ரோச்சின் வேலையும் போயிற்று. திரும்பி வருவான் என்று பிலோமி வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்தாள். கடிதம்தான் வந்தது.

"யாழ்ப்பாணத்துல ஒருத்தர் தோட்டத்துல பங்குக்கு வெங்காயம் போடுதேன். இங்கன நல்ல விலை. ரெண்டு போகம் பாத்துட்டு வந்துருதேன்."

இரண்டு போகம் பத்துப் போகமாயிற்று. பிலோமி உப்பளத்துக்குப் போனாள். கால்கள் வெடித்துப் புண்ணாயின. கடிதங்கள் நாலு வரியாகச் சுருங்கி, பிறகு கிறிஸ்துமஸுக்கு மட்டும் வந்தன. கோயிலில் அவனைப் பற்றி விசாரிப்பதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். தனக்கு மட்டும் உலை வைக்க அலுத்துப்போய், பல நாள் வெறும் நீராகாரத்தோடு படுத்துக்கொண்டாள்.

எழுபத்தேழில் அங்கே ஆட்சி மாறி, தடை நீங்கியது. வேதமணி அண்ணாச்சியே வீடு தேடி வந்தார்.

"பிலோமி, தோணி போகப்போவுது. நாளைக்கு வேலைக்கு வா."

"நம்ம வெங்காயம் போனா அங்கன விலை விழுந்துருமே, அண்ணாச்சி?"

"விழத்தான் செய்யும். இத்தன வருசம் நம்ம விவசாயி விழுந்து கெடக்கலியா?"

மறுநாள் காலையில் கிட்டங்கிக்குப் போனாள்.

ஐந்தாவது மாதம் ரோச் ராமேஸ்வரம் வழியாக வந்து சேர்ந்தான். தலை நரைத்திருந்தது. கையில் ஒரு தகரப் பெட்டி மட்டும். சோறு போட்டாள்.

"எங்க வெங்காயத்த வாங்க ஆளில்ல, ஏளா," என்றான். "அவ்வளவும் தோட்டத்துலயே அழுகிப் போச்சு. தூத்துக்குடி வெங்காயம் வந்து எறங்கிட்டு."

"அதப் பொறுக்கினது நான்தான்."

அவன் கை சோற்றில் அப்படியே இருந்தது. "நல்ல வெங்காயம்தான்," என்றான்.

அவன் திட்டியிருந்தால் அவள் அழுதிருப்பாள். அவனிடம் சொல்ல எத்தனையோ வைத்திருந்தாள். இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

பத்து நாளில் பக்கத்து மீன்பிடி ஊரான தருவைகுளத்தில் ஒரு படகில் அவனுக்கு வேலை கிடைத்தது. அங்கேயே தங்கிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூசைக்கு வருவான். ஆண்கள் பக்கம் அவனும் பெண்கள் பக்கம் அவளும் இருப்பார்கள். பூசை முடிந்ததும் ஓலைப்பெட்டியில் மீனைக் கொடுத்துவிட்டு, "வாரேன்," என்று பஸ் ஏறிப் போவான்.