அம்மா அணைத்த அடுப்பு

காய்ச்சல் விட்ட பிறகு அம்மாவுக்குப் பசி திரும்பியது, தெம்பு திரும்பியது, மூக்கு மட்டும் திரும்பவில்லை. வெங்காயம் வதங்குவதும் தெரியாது, பால் அடிபிடிப்பதும் தெரியாது. அதை அவள் எங்களிடம் சொல்லவே இல்லை. தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் அடுத்தவர் பேச்சைக் காதோடு நிறுத்திப் பழகியவள். தன் விஷயத்தையா வெளியே விடுவாள்?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை விஷயம் வெளிப்பட்டது. நடைக்குப் போய்த் திரும்பிய அப்பா கதவைத் திறந்ததும் கேஸ் நாற்றம் முகத்தில் அடித்தது. உள்ளே அம்மா அடுப்புக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சாவகாசமாக பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். பால் பொங்கி வழிந்து தீயை அணைத்திருந்தது. கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்தது. அப்பா குமிழை மூடி, ஜன்னல்களைத் திறந்து, அவள் கையைப் பிடித்து மாடிப்படிவரை இழுத்து வந்த பிறகுதான் மூச்சே விட்டாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு இண்டக்‌ஷன் அடுப்பை வாங்கிக்கொண்டு போனேன். அம்மா பெட்டியைத் திறக்கக்கூட விடவில்லை.

"தீயைப் பாக்காம எப்படிடி சமைக்கிறது? கரண்ட் போனா என்ன பண்றது?"

"போனா வெளில சாப்பிடலாம்" என்றார் அப்பா. "கரண்ட் எப்படா போகும்னு காத்திருப்பேன்."

"ஏன், என் சமையல் அவ்வளவு அலுத்துப் போச்சா?"

நான் ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் இதில் சூடாகும். அப்பா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். ஓய்வு பெற்றும் அவருக்குள் இருந்த பஸ் கண்டக்டர் போகவில்லை. ஒட்டினால், "ஏறு, உள்ள போ, உள்ள போ." ஒட்டாவிட்டால், "டிக்கெட் இல்ல, இறங்கு."

நசுங்கிய அலுமினியப் பால் குண்டான் இறங்கியது. அம்மா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதுலதான் முதல்முதலா கேஸ்ல பால் வச்சேன்" என்றாள். "உனக்கு அப்ப ஆறு வயசு. ஒத்தை ரூம், சுவரெல்லாம் மண்ணெண்ணெய்ப் புகை. அடுப்பு வந்த அன்னிக்கு அந்த வரிசையில இருந்த எல்லாரும் வந்து எட்டிப் பாத்தாங்க. நான் கிட்டயே போகல. உங்கப்பாதான் காலைல ஷிப்டுக்குப் போறதுக்கு முன்னாடி பத்த வச்சுக் கொடுப்பாரு."

"அப்புறம்?"

"ஒருநாள் அவரு தூங்கட்டும்னு நானே பத்த வச்சேன். முன்னாடி முடி பொசுங்கிப் போச்சு."

"ஒரு மாசம் முக்காடு போட்டுக்கிட்டே வேலைக்குப் போனா" என்றார் அப்பா.

மூவரும் சிரித்தோம். அந்த அறை எனக்கும் ஞாபகம் வந்தது: நீலத் தீயின் உஸ்ஸென்ற சத்தம், ஷிப்டு முடிந்து வரும் அப்பாவின் காக்கிச் சட்டையில் டீசல் வாடை, அம்மா ஊற்றித் தரும் சூடான பால்.

சிரிப்பு அடங்கியதும் அம்மா சொன்னாள்: "கசிஞ்சா வாசனை சொல்லிடும்னு நம்பித்தானே இத்தனை வருஷம் இதுகூட இருந்தேன். இப்ப அது கத்தினாலும் எனக்குக் கேக்காது."

எழுந்து போய் கேஸ் அடுப்பைப் பற்ற வைத்தாள். தீ முழுவட்டமாக எரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அவளே அணைத்தாள். சிலிண்டர் வால்வையும் இறுக மூடிவிட்டு, "பெட்டியைப் பிரி" என்றாள்.

கேஸ் அடுப்பு கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் போனது. முதல் இரண்டு வாரம் அம்மா புலம்பித் தீர்த்தாள். பொத்தானை அமுக்கினால் கீச்சென்கிறது, தீயே இல்லாமல் எங்கே பார்த்துக்கொண்டு நிற்பது என்றாள். மூன்றாவது வாரம் போன் செய்தபோது குறை வேறாக இருந்தது.

"வெங்காயம் சரியான பதம் வந்துடுச்சான்னு உங்கப்பாவைக் கூப்பிட்டு மோந்து பாக்கச் சொல்றேன். எப்பக் கேட்டாலும் 'நல்லா மணக்குது'ங்கிறாரு. பச்சையா இருந்தாலும் மணக்குதாம், கருகினாலும் மணக்குதாம். இந்த மனுஷனை வச்சுக்கிட்டு நான் எப்படி சமைக்கிறது, சொல்லு?"

பின்னால் அப்பாவின் குரல் கேட்டது: "மணக்குதுன்னா மணக்குதுதான்."