நாற்பத்திரண்டு பள்ளிகளில் ஒரே பிழை

அருகே வந்து அமருங்கள், என் கண்மணிகளே; கால்களை நீட்டிக்கொள்ள வேண்டுமாயின் நீட்டிக்கொள்ளுங்கள், கதைக்கு அதனால் குறையொன்றும் வாராது. பொய்யென்று அறியாமலே பொய்யொன்றின் கீழ்க் கையெழுத்திட்டுவிட்டு, பின்னர் ஊரறிய எழுந்து நின்று அதனை அடித்துத் திருத்திய ஒருத்தியின் கதையை இன்று சொல்லப்போகிறேன்.

மலைச்சரிவினின்று மெல்ல இறங்கிவந்து, ஆற்றங்கரையை எட்டியதும் களைப்பாறப் படுத்துவிட்டது போலக் கிடந்தது அச்சிறுநகர். வெள்ளிக்கிழமைப் பிற்பகல், மேற்கே சாயத் தொடங்கிய கதிரவன், மர அறுவைக்கூடத்தின் தகரக் கூரையிலும், துவைத்த துணிகள் அசையும் கொடிகளிலும், பணிமனையினின்று திரும்பும் மிதிவண்டிகளின் சக்கரக் கம்பிகளிலும் பொன்துகளைத் தூவிக்கொண்டிருந்தான். தெருக்கோடியில், ஒன்பது அறைகளும் ஓட்டுக்கூரையும் உடைய தரைத்தளப் பள்ளியொன்று, நாள்முழுதும் பேசித் தொண்டை கட்டியவரைப் போலக் கடைசிப் பாடவேளையின் அமைதிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மாணாக்கர் அனைவரும் விளையாட்டாசிரியரின் ஊதலுக்குக் கட்டுப்பட்டுத் திடலில் ஓடியாட, எஞ்சிய ஆசிரியர் எண்மரும் நிலப்படங்கள் சுருட்டி வைக்கப்பட்ட சிற்றறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டனர்.

அவ்வறையில் நிகழும் அந்த ஒரு மணி நேரத்துக்குச் சட்டம் ஒன்றே ஒன்றுதான். வாய் திறப்பவர், அவ்வாரம் தம்மால் கற்பிக்க இயலாமற்போனது எதுவோ அதனை முதலில் சொல்லிவிட வேண்டும். வெற்றிக்கதை அளப்பதற்கு அங்கே இடமில்லை. நாற்பது பிள்ளைகளின் முன் தனியே நின்று, தெரிந்தது போல நடித்து நடித்துக் களைத்த முகங்கள், தெரியவில்லை என்று சொல்லிக்கொள்ளக் கிழமைக்கு ஒருமுறை கிடைக்கும் இடம் அது. பணிக்கு வந்த முதல் திங்களிலேயே, பின்னம் சொல்லிக்கொடுத்தால் பின்வரிசைப் பிள்ளைகள் மரம்போல் விழிக்கின்றனர் என்று இளைய ஆசிரியை ஒருத்தி அங்கேதான் விம்மினாள். மறுவாரம் அவள் வகுப்பின் கடைசி இருக்கையில் மூத்தவள் ஒருத்தி போய் அமர்ந்து பார்த்தாள். எதிர்ச்சாளரத்து வெயில் கரும்பலகையில் பட்டுத் தெறிக்க, எழுதியது ஒன்றும் அங்கிருந்து தெரியவே இல்லை. பலகையை நான்கடி நகர்த்தினர். விழித்துக்கொண்டிருந்த கண்கள் படிக்கத் தொடங்கின.

அந்த மூத்தவள்தான் நம் கதைக்கு உரியவள், கணக்காசிரியை. ஒரு படி வழுவினாலும் அரை மதிப்பெண்ணைக் கழித்துவிடுவாள் என்பதனால் மாணாக்கர் அவளுக்கு 'அரைமதிப்பெண்' என்றே பெயரிட்டிருந்தனர். கேட்டுக் கேட்டுப் பழகி, ஒருநாள் வருகைப்பதிவிலேயே அப்பெயரை எழுதப் போனாள் என்று உடன்பணியாளர் நகையாடுவர். இருபத்திரண்டு ஆண்டுகளாக விடைத்தாள் திருத்திய அவள் கண்ணுக்கு, பார்த்தெழுதியோர் தப்பியதே இல்லை. ஒரே சரியான விடை இரு தாள்களில் இருந்தால் அது படிப்பு, ஒரே பிழை இரு தாள்களில் இருந்தால் அது பக்கத்து இருக்கை என்பாள். பார்த்தெழுதிய தாளுக்குச் சுழியம் இடுவாள். ஆயினும் அடுத்த கணமே புதுத்தாள் ஒன்றைக் கையில் தந்து, தனியே அமர்ந்து மீண்டும் எழுதச் சொல்வாள்.

அவ்வாறிருக்க, புதிய கல்வித்திட்டம் வகுக்கும் குழுவிடமிருந்து ஓலை ஒன்று வந்தது. வெள்ளிக்கிழமைக் கூடுகை பயனற்ற வேளையெனக் கருதப்படுவதால், அதனை நீக்கி, திரையில் ஓடும் பதிவுசெய்த பயிற்சியுரையை ஆசிரியர் கேட்டுக்கொள்ளச் செய்யலாமா என்று ஆசிரியரின் கருத்தைக் கேட்டிருந்தது அவ்வோலை. கேட்டதோடு நில்லாமல், கருத்து எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரியையும் இணைத்திருந்தது. தேர்வுத்தாள்கள் மலைபோற் குவிந்திருந்த கிழமை அது. தலைமையாசிரியர், நல்லவர்தாம், மேலிடத்துக் கடிதம் என்றால் மட்டும் மூச்சு முட்டுபவர், அறை அறையாக வந்தார்.

“மாதிரியைப் பாத்து அப்படியே எழுதிக் குடுத்துடுங்கம்மா. காலையில அனுப்பியாகணும்.”

இருநூறு விடைத்தாள்களுக்கு நடுவே, படித்துப் பாராமலே, அரைமதிப்பெண்ணும் எழுதினாள், கீழே கையெழுத்திட்டாள், மறந்தும் போனாள்.

இரு திங்கள் கழிந்தன. கருத்துகளெல்லாம் கையெழுத்துகளோடு படியெடுத்து நூலாகத் தொகுக்கப்பட்டு, பொது விசாரணைக்கு வருக என்னும் அழைப்போடு பள்ளிதோறும் வந்து சேர்ந்தன. அவள் அதனை வீட்டுக்கு எடுத்துவந்து மேசைமேல் வைத்துவிட்டு அடுக்களையில் காய் நறுக்கிக்கொண்டிருக்க, சுண்ணாம்புக் கையைக் கழுவித் துடைத்தவாறே வந்த அவள் கணவர், கொத்தனார், மனைவியின் பெயர் அச்சில் வந்திருக்கும் பக்கத்தைத் தேடிப் பெருமையோடு விரித்தார்.

“என்ன டீச்சரம்மா, உங்க பள்ளிக்கூடத்துக்கு மூணாவது மாடி எப்பக் கட்டினாங்க? போன வருஷம் ஓடு மாத்த ஏறினவன் நான்தானே. எனக்குத் தெரியாம எந்தக் கொத்தன் வந்தான்?”

“உளறாதீங்க. யாரு சொன்னா மாடின்னு?”

“நீதான் சொல்லியிருக்கே. கீழ உன் கையெழுத்து, வாலை நல்லா சுழிச்சு விட்டுருக்கே.”

அரிவாள்மணையை விட்டு எழுந்துவந்து பார்த்தாள். ‘எங்கள் பள்ளியின் மூன்றாம் மாடியிலுள்ள பயிற்சிக்கூடமே எங்கள் தேவைகள் அனைத்தையும் நிறைவுசெய்வதால், வெள்ளிக்கிழமைக் கூடுகை எங்களுக்கு வேண்டுவதில்லை’ என்று அவள் கையெழுத்துக்கு மேலே நின்றது. பக்கத்தைப் புரட்டினாள், அடுத்த பள்ளிக்கும் மூன்றாம் மாடி. ஆற்றுத்திட்டில் இரண்டே அறைகளோடு இருக்கும் பள்ளிக்கும் மூன்றாம் மாடி. எங்கோ தலைநகரத்துப் பெரும்பள்ளி ஒன்றில் எழுதப்பட்ட மாதிரியை, நாற்பத்திரண்டு பள்ளிகளும் மாடியோடு சேர்த்துப் பெயர்த்தெழுதி அனுப்பியிருந்தன. முகவுரையோ, ஆசிரியர் அனைவரும் ஒருமனதாக அக்கூடுகை வேண்டாமென்றனர் என்று முழங்கிற்று. தன் வாழ்நாளில் கண்ட பார்த்தெழுதல்களிலெல்லாம் பெரியது அது என்பதையும், அதில் தானும் ஒருத்தி என்பதையும் ஒருசேர உணர்ந்தபோது, சுடுகலத்தைத் தெரியாமல் தொட்டவள் போல நூலை விட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

“இப்ப என்ன, பெஞ்சு மேல ஏறி நிக்கப் போறியா?” என்றார் கணவர், அவள் முகம் கண்டு குரல் தணிந்து.

“ஏறித்தான் நிக்கணும்.”

“நில்லு. விழுந்தா பிடிச்சுக்க நான் வெளிய நிக்கிறேன்.”

மறுநாள் தலைமையாசிரியரிடம் சொன்னபோது அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். “அடுத்த வருஷம் இந்த நாற்காலி உங்களுக்குத்தாம்மா. அங்க போய் வாயைத் திறந்தீங்கன்னா நாற்காலியும் போகும், உங்க கோப்புல கறையும் விழும். எதுக்கு இந்த வேண்டாத வேலை?” அவள் மறுமொழி கூறுமுன், முன்னரே அவ்வறையுள் தாள்கட்டோடு நின்றிருந்த இளைய ஆசிரியை வாய் திறந்தாள். “நானும் பாத்துதான் எழுதினேன் சார். அந்த மணி நேரம் இல்லைன்னா முதல் மாசமே வேலையை விட்டு ஓடியிருப்பேன். அது வேண்டாம்னு நானே எழுதிக் குடுத்திருக்கேன். எனக்கு வெக்கமா இருக்குக்கா.” அரைமதிப்பெண் அவள் தோளைத் தட்டினாள். “வெக்கம் இருக்கட்டும், அதையும் கூட்டிட்டு வா.”

விசாரணை நாளன்று அவ்வரங்கம், கோடைமழைக்கு ஒதுங்கிய கூட்டம்போல நெருங்கி வழிந்தது. உயர்ந்த மேடையில் குழுவினர் ஐவர்; கீழே, நாற்பத்திரண்டு பள்ளிகளிலிருந்து வந்து, இரண்டு சொல் பேசவும் வாய்ப்பிருக்குமோ இராதோ என்று ஐயுற்றவாறு அமர்ந்திருந்த ஆசிரியர் கூட்டம். குழுத்தலைவர் நூலைத் தூக்கிக் காட்டி, ஒருமித்த கருத்து கிடைத்துவிட்டதாகையால் இக்கூட்டம் வெறும் முறைமைக்கே என்று தேனொழுகக் கூறிக்கொண்டிருக்கையில், நடுவரிசையில் ஒருத்தி எழுந்து, தன் பெயரையும் பள்ளியையும் சொன்னாள்.

“ஐயா, ஒரே ஒரு கேள்வி. இங்க வந்திருக்கவங்கள்ல, மூணு மாடி உள்ள பள்ளிக்கூடத்துல வேலை பாக்கிறவங்க கையைத் தூக்குங்க.”

ஒரு கையும் எழவில்லை. பின்வரிசையில் பெருத்த மீசைக்காரர் ஒருவர் மட்டும், “எங்க கூரை மேல தண்ணித்தொட்டி இருக்கு. அதைக் கணக்குல சேத்துக்கலாமா?” என்றார். நகைப்பொலி அலைபோல் எழுந்து மேடையின் காலடியில் மோதிற்று.

தலைவரின் முகம் சிவந்தது. பக்கங்களைப் புரட்டி ஓரிடத்தில் விரலை ஊன்றினார். “இதில் உங்கள் கையெழுத்தும் இருக்கிறதே, அம்மையாரே.”

இதற்காகவே அவள் வந்திருந்தாள். முன்னிருக்கையின் முதுகைப் பற்றிக்கொண்டாள்.

“இருக்கு. அதைச் சொல்லத்தான் வந்தேன். நான் படிச்சுப் பாக்காம காப்பி அடிச்சேன். என் வகுப்புல யாராவது இப்படிச் செஞ்சா நான் சுழி போடுவேன். எனக்கும் போடுங்க. அதோட, அந்தத் தாளை ஒழுங்கான பதில்னு எடுத்துக்க மாட்டேன். நீங்களும் எடுத்துக்கக் கூடாது. புதுத்தாள் குடுங்க, தனியா உக்காந்து எழுதித் தரேன்.”

“அதற்கான காலம் முடிந்துவிட்டது.”

“மணி அடிக்கிறது உங்க கையில. எழுதிட்டு இருக்கிறவங்க கையிலிருந்து தாளைப் பிடுங்குறது மட்டும் எங்ககிட்ட நடக்காது.”

அவள் அமர்ந்தாள்; பையைத் திறந்து வெற்றுத்தாள் ஒன்றை மடிமேல் வைத்தாள். இளைய ஆசிரியையும் ஒன்றை எடுத்தாள். பின்னர் தேர்வறையில் பழகிய பழக்கத்தால், இடையே ஓர் இருக்கை விட்டுத் தள்ளி அமர்ந்தாள். அதைக் கண்டு அவ்வரிசை முழுதும் எழுந்து இடம்விட்டு இடம்விட்டு அமர்ந்தது. அடுத்த வரிசையும் அவ்வாறே. இடம் போதாதோர் சுவரோரத்திலும் படிகளிலும் பரவினர். தாளில்லாதோருக்கு மீசைக்காரர் தம் குறிப்பேட்டைக் கிழித்துக் கிழித்துப் பங்கிட்டார். அவள் பள்ளித் தலைமையாசிரியரும் வந்து, சுவரோரம் வியர்வையைத் துடைத்தவாறே நின்றிருந்தார். பின்பு, “எனக்கும் ஒண்ணு குடுங்கம்மா” என்று கை நீட்டினார். கூட்டம் முடிந்தது என்று தலைவர் ஒலிபெருக்கியில் மும்முறை அறிவித்தார். எவரும் நிமிரவில்லை. எழுதுகோல்களின் கீறலொலி மட்டும், பட்டுப்புழுக்கள் இலை தின்னும் ஓசைபோல அரங்கெங்கும் நிறைந்திருந்தது.

தாங்கள் திணறிய பாடங்களை எழுதினர். திணறியபோது கைகொடுத்தவரை எழுதினர். திரை பேசும், ஆனால் திரையிடம் நாம் பேச முடியாது என்று எழுதினர். எங்களுக்கு எது உதவியென்று எங்களைக் கேட்டபின் முடிவு செய்யுங்கள் என்று எழுதினர். ஒன்றுபோல் ஒன்றில்லை. முந்நூற்றுக்கு மேற்பட்ட தாள்களை அரைமதிப்பெண் தன் கைகளில் ஏந்திச் சென்று மேடைமேல் வைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்திடும்வரை அங்கேயே நின்றாள். செய்தியாளர் இருவர் பார்த்துக்கொண்டிருந்தனர், தலைவர் கையெழுத்திட்டார்.

நூல் திரும்பப் பெறப்பட்டது. கூடுகையும் தொடரலாம் என்று ஆணை வந்தது. அதே உறையில் அவளுக்குக் கண்டனமும் வந்தது: கடமையிற் கவனமின்றிப் பார்த்தெழுதியமை, அவையில் ஒழுங்கு மீறியமை. தலைமைப் பதவி வேறொருவருக்குப் போயிற்று. இரண்டாம் குற்றத்துக்கு வருத்தம் தெரிவித்தால் கண்டனம் நீக்கப்படும் என்றனர். முதற் குற்றம் உண்மை, அதற்கு வருந்துகிறேன். இரண்டாவதை இன்னொரு முறை வாய்த்தாலும் செய்வேன் என்று ஈரடியில் மறுமொழி விடுத்தாள். அக்கண்டனம் அவள் கோப்பில் இன்றும் இருக்கிறது, என் செல்வங்களே. அதை எடுத்துவிடும்படி அவள் எவரையும் கேட்கவில்லை.

கற்பிப்போரின் வாயில் தம் சொல்லை இட்டுவிட்டு, அதனையே அவர் குரலென்று காட்டுவோர் எந்நாளும் உண்டு. அவர் முன் தலைகுனியாது நிற்க, முதலில் தன் பிழையைத் தானே உரக்கச் சொல்லும் துணிவு வேண்டும். அது வாய்த்தவரை அச்சுறுத்த எவரிடமும் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

கேட்டிருந்த என் கண்மணிகளே, உங்கள் இல்லத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாததைத் தெரியாதென்று சொல்லும் ஆசிரியர் வாய்க்கட்டும். அவ்வாசிரியருக்குத் துணைநிற்பவர் உங்கள் வீட்டினின்றே எழட்டும். உங்கள் மனையில் உண்மை பேசிய எவரும் தனித்து உண்ணும் நாள் வாராதிருக்கட்டும். நீடு வாழ்க.