விண்டிங்கா, வைண்டிங்கா?

1.

இந்தக் கதை எனக்குக் கிடைத்ததற்குக் காரணம், பெரில் டன்னிக்ளிஃபுக்குத் தனியாகப் படகேற வெட்கமாக இருந்ததுதான். ஆங்கிலேயக் கால்வாய்க்கரை ஊரான பான்பரியில் என் பக்கத்து வீட்டுக்காரி. வேலிக்கு மேல் தலையை நீட்டி, "வசு, ஞாயித்துக்கெழமை டென்சில் படகுல கூப்பிடுறான். நீயும் வா. நான் மட்டும் போனா தெருவே பேசும்" என்றாள். தெரு ஏற்கெனவே ஒரு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லாமல் கிளம்பினேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மூடுபனி மெல்ல விலக, கால்வாய் ஒரு—"

(ஒரு என்ன? அன்று பனியே இல்லை. கால்வாய் ஆறிப்போன டீ நிறத்தில் இருந்தது. அடித்துவிட்டேன்.)

2.

டென்சில் ஹாஸ்கின்ஸை எழுதுவதுதான் பெரும்பாடு. பல் டாக்டராக இருந்தவர். மனைவி போனபின் வீட்டை விற்றுவிட்டுப் படகிலேயே குடியிருக்கிறார். கதைக்கு ஆகட்டும் என்று அவரை ஒரு பொய் சொல்ல வைத்துப் பார்த்தேன், வாயில் ஒட்டவே இல்லை. ஒரே ஒரு குறைதான்: யார் எதைச் சொன்னாலும் திருத்துவார்.

கயிற்றை அவிழ்க்கும்போதே கேட்டுவிட்டார். "அடுத்த வாரம் வடக்க கெளம்புறேன், பெரில். இனி இந்தப் பக்கம் வர்றதா இல்ல. வீட்ட வாடகைக்கு விட்டுட்டு நீயும் வந்துடேன்."

பெரில் என்னைப் பார்த்தாள், தண்ணீரில் போன வாத்தைப் பார்த்தாள். "சாயங்காலம் திரும்பி வந்து கயிறு கட்டும்போது சொல்றேன். எங்க திருப்புவ?"

"நாப்டன் ஊருக்குப் போற வழியில. படகு நீளம், கால்வாய் குறுகல். நெனச்ச எடத்துல திருப்ப முடியாது. கரைய வெட்டி அகலமாக்கின எடத்துலதான் திருப்பலாம். அங்க பலகை இருக்கும்."

"ஓ, பலகையில வைண்டிங் ஹோல்னு போட்டிருக்குமே, அதுவா."

"விண்டிங். வைண்டிங்னா வளைஞ்சு போறது. இது விண்டு, காத்து. அந்தக் காலத்துல காத்த வச்சுத்தான் படகத் திருப்புவாங்க."

"இந்த ஊர்க் காத்துல துணியே காயாது. படகு திரும்புமாக்கும்!"

(ஆங்கிலத்தில் எழுத்து இரண்டுக்கும் ஒன்றுதான். புதிதாக வருகிற எல்லோரும் தவறுவது இந்த இடத்தில்தான். நானும் பல வருடம் தவறியிருக்கிறேன்.)

3.

இந்தப் பகுதியில் ஒன்றுமே நடப்பதில்லை. பத்திரிகைக்காரர்கள் வெட்டச் சொல்வார்கள், வெட்டமாட்டேன். அந்த ஒன்றும் நடக்காமைக்காகத்தானே போனோம்? நாயோடு நடந்துவந்த ஒரு கிழவர் எங்களை முந்திப் போனார். நாய் மட்டும் இரக்கப்பட்டு நின்று பார்த்தது. கரையில் கட்டிக்கிடந்த படகிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்து, "மெதுவாப் போங்கப்பா!" என்று கத்தியது.

"இதவிட மெதுவாப் போனா நாங்களும் கட்டிக் கெடக்கோம்னுதான் அர்த்தம்!" என்று பெரில் திருப்பிக் கத்தினாள். படகை மேலே ஏற்றும் மதகில் தண்ணீர் நிரம்பியதும் பெரிலும் டென்சிலும் ஒரே கதவைத் தள்ளினார்கள். ஒருத்தரே போதும். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

4.

இனிமேல்தான் சிக்கல். டென்சில் பன்றிக்கறி வறுத்து ரொட்டியில் வைத்து எடுத்துவரக் கீழே போனார். சுக்கான் பெரில் கையில். நான் பக்கத்தில். ஒரு திருப்பத்தில் கரை சட்டென்று உள்வாங்கி அகன்றது. பலகை பளிச்சென்று நின்றது.

முதல் வரைவில், அந்த நேரம் பார்த்துக் குறுக்கே வாத்துக் குஞ்சுகள் வந்தன. (வரவில்லை. நான்தான் கொண்டுவந்தேன்.) இரண்டாவதில் பெரில் கண்ணில் நீர் ததும்ப— (பெரிலுக்குத் ததும்பாது.) மூன்றாவதில் நான் வாயாடி அவள் கவனத்தைக் கலைத்தேன். அது நடக்கக்கூடியதுதான். ஆனால் அப்போது நான் பேசவில்லை.

பார்த்ததை அப்படியே சொல்கிறேன். அவள் பலகையைப் பார்த்தாள். உதடு அசைந்தது. சுக்கானை இரண்டு கையாலும் நேராகப் பிடித்துக்கொண்டாள். அந்த இடம் பின்னால் போய்விட்டது.

5.

டென்சில் தட்டோடு மேலே வந்து கரையைப் பார்த்தார். "பெரில், பலகை வந்துச்சா?"

"வந்துச்சே. வைண்டிங்னு போட்டிருந்துச்சு. வளைவு வருதுன்னு நெனச்சு நேரா வந்துட்டேன்."

"விண்—" என்று திருத்தப் போனவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவர் திருத்தாமல் விட்டதை அன்றுதான் பார்த்தேன். "அடுத்த எடம் ரொம்பத் தூரம். இன்னிக்கி வீட்டுக்குத் திரும்ப முடியாது... பெரில், தெரியாமத்தானா?"

பெரில் காது வரை சிவந்தாள். "என்ன ஏன் கேக்குற? வசு பக்கத்துலதான நின்னா. அவளையே கேளு."

தெரியாமல் என்று சொன்னால் பெரில் எனக்கு மிஞ்சுவாள். வேலி மேல் அந்தத் தலை தெரியாத காலையை என்னால் நினைக்கவே முடியவில்லை; எனக்கு அழுகை வருகிறது, அதையும் எழுதிவிடுகிறேன். தெரிந்துதான் என்று சொன்னால் அடுத்த வாரம் அவள் வடக்கே போவாள், சிரித்துக்கொண்டே.

இரண்டு முடிவையும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நான் பொய்க்காரி, இன்னொன்றில் நான் தனி ஆள். எது பொய் என்று எனக்கே நிச்சயமில்லை. அவள் உதடு அசைந்ததை நீங்களும்தான் பார்த்தீர்கள்.

டென்சில் தட்டை ஏந்தியபடி நிற்கிறார். பெரில் என் முகத்தையே பார்க்கிறாள். நான் வாயைத் திறந்துவிட்டேன். சீக்கிரம் சொல்லுங்கள், என்ன சொல்லட்டும்?