பேனாட்டின் மனுவுக்குள் புகுந்த சீன மன்னன்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. டென்மார்க்கில், ஹெர்னிங் நகரத்துச் சீன உணவகம் ஒன்றின் குசினியில் கிடைத்தது. நான் அங்கே கோப்பை கழுவுகிறேன். சமையல்காரன் சென் என் வயதுக்காரன். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஏறக்குறைய இருநூறு டேனிஷ் சொற்கள் உண்டு. அதில் நாற்பது காய்கறி.

(இப்படியும் தொடங்கிப் பார்த்தேன்: "1988ஆம் ஆண்டு, வெண்பனி பொழிந்துகொண்டிருந்த ஒரு..." வெட்டிவிட்டேன். இங்கே எழுதுகிற எல்லோரும் பனியில்தான் தொடங்குகிறார்கள். அன்று பனி பெய்யவுமில்லை.)

சென் ஒரு மன்னனைப் பற்றிச் சொன்னான். பெயர் யூ. கலியாணமாகி நாலே நாளில், நாட்டை மூடிய பெருவெள்ளத்தை அடக்கப் போனவனாம். பதின்மூன்று வருடம் வேலை. அந்த ஒரு பெயரை வைத்துச் சீனர்கள் எத்தனை சொற்கள் செய்திருக்கிறார்கள் பாருங்கள். 'யூவின் நிலம்' என்றால் சீன நாடு. 'யூவின் நடை' என்றால் காலை இழுத்து இழுத்து நடப்பது. வெள்ளத்தில் உழைத்து உழைத்து அவனுக்குக் கால் ஏலாமல் போனதாம், பிறகு பூசாரிகள் அதே மாதிரி நடக்கத் தொடங்கினார்களாம். 'யூவின் மிச்சச் சோறு' என்றால், சிரிக்காதீர்கள், மருந்துக்கடையில் விற்கிற ஒரு பழுப்புக் கல். 'யூவைப்போல நடந்து ஷுன்னைப்போல ஓடுவது' என்றால் உள்ளே ஒன்றுமில்லாமல் வெளியே பெரிய மனிதரைப்போல நடிப்பது. (ஷுன் இன்னொரு மன்னன். அவனை இந்தக் கதைக்குள் விடமாட்டேன். ஒருவனே போதும்.)

சென் கரண்டியோடு காலை இழுத்து நடந்து காட்டினான். நானும் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். முதலாளி எட்டிப்பார்த்து, இரண்டு பேரும் வழுக்கி விழுந்துவிட்டீர்களா என்று கேட்டார்.

கடைசியாகச் சொன்னதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பதின்மூன்று வருடத்தில் யூ மூன்று தரம் தன் வீட்டு வாசலைக் கடந்து போனானாம். உள்ளே பிள்ளை அழுகிற சத்தம். ஆனாலும் போகவில்லை. கடமைக்காகக் குடும்பத்தைப் பிரிந்திருக்கிற ஆளைச் சீனர்கள் இன்றைக்கும் இப்படித்தான் புகழ்வார்களாம்.

எனக்கு உடனே பேனாட்டின் ஞாபகம் வந்தது. அங்கேதான் பிழை தொடங்கியது.

2

பேனாட் என்னோடு பக்கத்து ஊரான இக்காஸ்டில் ஓர் அறையில் இருக்கிறான். பின்னல் ஆலையில் ஷிப்ட் வேலை. மன்னார்க்காரன். மனைவி மேரிகிறேஸ் கொழும்பில் ஒரு லொட்ஜில், விசாவுக்காக ஒன்றரை வருடமாகக் காத்திருக்கிறாள். தமிழர்களின் குடும்ப விண்ணப்பங்கள் எல்லாம் ஏதோ ஓர் அலமாரியில் நித்திரை.

இவனைக் கதாநாயகன் ஆக்கலாமா என்று எனக்குச் சந்தேகம். துயரப்படுகிறவன் மெலியவேண்டும். இவன் கொழுக்கிறான். துயரம் வந்தால் புட்டு அவிக்கிறான்.

[இந்த இடத்தில் அவன் கண்ணீர் விடுவதாக ஒரு வசனம் இருந்தது. வெங்காயத்தால் வந்தது என்று அவன் மறுத்தபடியால் எடுத்துவிட்டேன்.]

3

இக்காஸ்ட் தமிழர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவன் நான்தான். நானாகப் படித்த எழுத்து. எங்கள் ஊரில் உதவி அரசாங்க அதிபருக்கு மனுப் போட்டால் முதல் பந்தியில் ஒரு மன்னனாவது வரவேண்டும், இல்லாவிட்டால் வறண்ட மனு என்பார்கள். எனக்கென்று வரவழைக்க யாருமில்லை. அதனால்தானோ என்னவோ, மற்றவர்களுடைய மனுக்களை அப்படி அலங்கரிக்கிறேன்.

பேனாட்டின் மனுவில் யூவை ஏற்றினேன். பிறகு, டேனிஷ் அதிகாரிக்கு யூவை எங்கே தெரியப்போகிறது என்று மன்னனை எடுத்துவிட்டேன். வாசலை மட்டும் விட்டுவைத்தேன்.

"மூன்று தரம் தன் வீட்டு வாசலைக் கடந்தும் உள்ளே போகாத பேனாட் ஆகிய நான்..."

எழுதி முடித்து எனக்கே மெய்சிலிர்த்தது. அகராதியின் உதவியோடு டேனிஷில் ஆக்கி அனுப்பினேன்.

4

அதிசயம், விசா அலுவலகத்தில் அவனைக் கூப்பிட்டார்கள். போய்வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"டேய் யோசேப்பு, நீ என்னடா எழுதினனீ?"

"ஏன், மனம் உருகிட்டினமோ?"

"உருகினதோ! அந்த அதிகாரி மனுசி கேக்கிறா, 'நீங்கள் மூண்டு தரம் வீட்டடியால போயும் உள்ள போகேல்லையாமே, மனைவியோட ஏதும் பிரச்சினையோ' எண்டு."

"நீ என்ன சொன்னனீ?"

"எந்த வீடு எண்டு கேட்டன். அவ அதையும் எழுதிட்டா."

நான் யூவின் கதையை விளங்கப்படுத்தினேன். வெள்ளம், கால், கல், எல்லாம்.

"என்ர மனிசிக்கும் சீன ராசாவுக்கும் என்னடா தொடுசல்? பதினாலு நாளுக்குள்ள எழுத்தில விளக்கம் குடுக்கட்டாம். இல்லாட்டி ஃபைலை மூடிப்போடுவினமாம்."

சொல்லிவிட்டு மாவைக் கொட்டிக் குழைக்கத் தொடங்கினான். அன்றைக்கு எட்டுப் பேருக்குக் காணுமான புட்டு.

5

குற்ற உணர்ச்சியில் இந்தக் கதைக்கு முடிவுகள் எழுதினேன்.

அ. மேரிகிறேஸ் விமானத்தால் இறங்குகிறாள். பேனாட் மூச்சிரைக்க ஓடுகிறான்.

ஆ. கோப்பு மூடப்படுகிறது. (இதற்கு மேல் பேனை எழுதவில்லை. பொய். பேனை எழுதியது, நான்தான் எழுதவில்லை.)

இ. அந்த அதிகாரி சின்ன வயதிலேயே சீனக் கதைகளில் ஊறியவர். "அடடா, யூவா!" என்று துள்ளி எழும்பி... வேண்டாம். இதை நானே நம்பமாட்டேன்.

பேனாட் தோளுக்கு மேலால் வாசித்தான்.

"அ நல்லாக் கிடக்கு. அதையே வை."

"அது இன்னும் நடக்கேல்லையே மச்சான்."

"நடக்காததை எழுத உனக்கு இப்பதானோ வெக்கம் வந்தது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பிறகு அவன் சிரிப்பை நிறுத்தினான்.

"கொப்பியைத் தா. விளக்கத்தை நானே எழுதுறன்."

"உனக்கு டேனிஷ் எழுத வராதே."

"உனக்கு வந்து என்னத்தைக் கிழிச்சனீ?"

6

ஆகவே இந்தக் கதையின் மிச்சத் தாள் இப்போது அவனிடம் இருக்கிறது. மேசையின் அந்தப் பக்கம் இருந்து, பரீட்சை மண்டபத்தில் மாதிரி இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதுகிறான். அலங்காரம் எதுவும் கேட்கவில்லை. அரை மணித்தியாலத்தில் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான்.

"'கெதியா' எண்டதுக்கு இவங்கட பாசையில என்னடா?"

சொன்னேன். சீக்கிரம் என்கிற அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னான். எழுதினான். முழங்கை அசைவைப் பார்த்தால் இரண்டு தரம் எழுதியிருக்கிறான்.

அடுத்த வரி எனக்குத் தெரியவில்லை. நீங்கள் இருக்கிற பக்கத்திலிருந்து தெரிந்தால் வாசியுங்கள். பிழை கண்டால் திருத்தாதீர்கள்.