எடிட்டரைத் திறக்காமல் ஒரு பெயர்மாற்றம்

அலுவலகத்தில் அவளுக்குக் 'குறுக்குவழி' என்று பெயர். பத்து நிமிட வேலையைத் தவிர்க்க அரை நாள் மண்டையை உடைத்துக்கொள்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? மேலாளரின் பட்டப்பெயர் 'எல்லாரும்வாங்க'. எந்தச் சிக்கல் வந்தாலும் அவர் வாயில் வரும் முதல் தீர்வு அதுதான்.

அந்த வெள்ளிக்கிழமை காலையும் அதுவே வந்தது. "நாளைக்கு லீவு கிடையாது. எல்லாரும் வாங்க."

விஷயம் சின்னது. அவர்கள் எழுதி விற்கும் மருந்துக்கடை மென்பொருளில் ஃபங்ஷன் எனப்படும் ஒரு நிரல்துண்டின் பெயரை மாற்ற வேண்டும். ஆனால் ஒவ்வொரு கடைக்கும் ஒரு தனிப் பிரதி. அதே பெயரில் வேறு ஃபங்ஷன்களும் இருந்ததால், கண்ணை மூடிக்கொண்டு தேடி மாற்றினால் குடி முழுகிவிடும். எந்த நிரல்துண்டு எதைக் கூப்பிடுகிறது என்று படித்துப் புரிந்துகொண்டு மாற்றுகிற லைப்ரரி என்கிற துணை நிரல் ஒன்று, அவர்கள் நிரல் எழுதும் எடிட்டருக்குள் இருந்தது. ஒவ்வொரு பிரதியாக எடிட்டரில் திறந்து, பெயரின் மேல் சொடுக்கி, 'பெயர் மாற்று' என்று தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லோரும் சேர்ந்து செய்தாலே ஒரு பகல் போய்விடும்.

குறுக்குவழியால் நாளை வர முடியாது. சனிக்கிழமை காலை மகளுக்கு முதல் நீச்சல் போட்டி. "நீ பாக்கலன்னா நான் குதிக்கவே மாட்டேன்" என்று மகள் சொல்லியிருந்தாள். பள்ளி நாடகத்துக்கும் ஓவியக் கண்காட்சிக்கும் 'அடுத்த தடவை கண்டிப்பா' என்று சொல்லித் தப்பித்தாயிற்று. இனி அந்தப் பருப்பு வேகாது.

"சார், அந்த லைப்ரரி எடிட்டருக்குள்ளயே கெடக்கணும்னு சட்டமா? நாமளே சின்னதா ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, அதுலேர்ந்து நேரா கூப்பிட்டா போச்சு. சாயங்காலத்துக்குள்ள முடிச்சிட்டா நாளைக்கு யாரும் வரவேணாம், சரியா?"

"முடியலன்னா எல்லாரும் வரணும்."

மதியத்துக்குள் எழுதி ஓட்டினாள். கண்மூடித் திறப்பதற்குள் 'முடிந்தது' என்று திரையில் வந்தது. துள்ளிக் குதித்தாள். பிரதியைத் திறந்து பார்த்தால், பழைய பெயர் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது.

புது மாப்பிள்ளை தோற்றார், அவ்வளவு கூச்சம் அந்த லைப்ரரிக்கு! எங்கெங்கே மாற்ற வேண்டும் என்று திட்டம் போட்டு வைத்துக்கொண்டு, யாராவது 'எழுது' என்று சொல்லட்டும் என்று காத்திருந்தது. வழக்கமாக அதை எடிட்டர் சொல்லிவிடும். இப்போது இவள்தான் சொல்ல வேண்டும்.

சொன்னாள். இந்த முறை ஸ்கிரிப்ட் ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்த மேசையிலிருந்து, மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் அலறினார்.

"ஐயோ, என் ஃபைலையெல்லாம் யாரு மாத்துறது?"

எந்த ஃபோல்டருக்குள் வேலை என்பதையும் எடிட்டர்தான் சொல்லிவந்தது. அவசரத்தில் குறுக்குவழி ஒரு படி மேலே இருந்த ஃபோல்டரைக் காட்டிவிட்டாள். டெஸ்டர் எழுதிய சோதனை நிரல்களும் அதற்குள்தான் இருந்தன. மேலாளர் ஓடி வந்தார்.

"சொன்னேன்ல? நாளைக்கு எல்லாரும் வாங்க."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. எவ்வளவு பாழாகியிருக்கிறது என்று காட்டுவதற்காக டெஸ்டர் சோதனைகளை ஓட்டினார். பார்த்தவர் வாய் மூடவில்லை.

"எல்லாப் பிரதியும் மாறிடுச்சு, எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆகுதே! அட, என் டெஸ்ட்டும் அந்தப் பழைய பேரத்தானே கூப்பிட்டுட்டிருந்துச்சு. நீங்க சொன்னபடி பிரதிய மட்டும் மாத்தியிருந்தா, திங்கக்கிழமை ஒண்ணுகூட ஓடியிருக்காது சார். நம்ம யாருக்கும் அது தோணவே இல்ல."

மேலாளர் தலையைச் சொறிந்தார். "அப்போ நாளைக்கு நேரம் மிச்சம். பாக்கி கெடக்குற ரிப்போர்ட் வேலைய எடுத்துக்கலாமா?"

"திங்கக்கிழமை எடுத்துக்கலாம் சார்" என்று அலுவலகமே ஒரே குரலில் சொன்னது. உரக்கச் சொன்னவர் டெஸ்டர்தான்.

மறுநாள் மகள் குளத்தின் விளிம்பில் நின்று பார்வையாளர் படிக்கட்டு முழுவதும் தேடினாள். அம்மாவின் முகம் அகப்பட்டதும் தொபுக்கென்று குதித்தாள். மற்றவர்கள் கரையேறித் துண்டு போர்த்தியபோது அவள் பாதித் தூரத்தில், தடங்களைப் பிரிக்கும் கயிறுகளுக்கு நடுவே கையைக் காலை அடித்துக்கொண்டிருந்தாள். குறுக்குவழி தொண்டை கிழியக் கத்தினாள். மகள் கடைசியாக வந்து சேர்ந்து, தண்ணீரைத் துப்பிவிட்டு நிமிர்ந்தாள்.

"பாத்தியாம்மா? நடுவுல கயித்தப் புடிக்கவே இல்ல!"

"பாத்தேண்டி கண்ணு. முழுசாப் பாத்தேன்."