முளைப்புப் பெட்டியும் மூன்றரை நிமிடமும்

விதைப் பரிசோதனை அலுவலகத்தில் எல்லோரும் அவரை டீக்கடை என்றுதான் கூப்பிட்டார்கள். வேலை என்னவோ பரிசோதகர். பதினோரு வருடமாக விதைகளை ஈரத்தாளில் வைத்து, எத்தனை முளைக்கின்றன என்று எண்ணுகிறார். நூற்றுக்கு எழுபது முளைத்தால் வெங்காய விதை தேறும். ஒன்று குறைந்தாலும் தேறாது, விதையாக விற்க முடியாது.

மைத்துனர் தேயிலைத் தொழிற்சாலையில் இருந்தார். தூள் அல்ல, சுருண்ட முழு இலையாகக் கொடுத்தனுப்புவார். பால் ஊற்றாத அந்த டீயை மனைவி கழனித்தண்ணீர் என்று ஒதுக்கிவிட்டதால் இலை அலுவலகத்துக்கு வந்தது. தண்ணீர் கொதிக்க ஒரு கெட்டில். மூடி போட்ட கண்ணாடிக் குவளை. அதற்குள் இறங்கும் கம்பிவலைக் கூடை. கூடையில் இரண்டு கரண்டி இலை போட்டு, வெந்நீர் ஊற்றி மூடினால் மூன்றரை நிமிடம். கூடையைத் தூக்கிவிட்டால் தீர்ந்தது வேலை. வடிகட்டுவதும் இல்லை, பாத்திரம் தேய்ப்பதும் இல்லை. அதே இலை இன்னொரு தடவைக்கும் தாங்கும். காவலாளி முதல் அதிகாரி வரை குடித்துப் பழகிவிட்டார்கள்.

ஒரே ஒரு இடைஞ்சல். கெட்டிலின் தடித்த பிளக் பொருந்தும் இடம் அறையில் ஒன்றுதான். அதில் முளைப்புப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. விதைத் தட்டுகளை இருபது டிகிரியில் வைத்திருக்கும், ஆள் உயரக் குளிர்பெட்டி. ஐந்து நிமிடம் கழற்றினால் உள்ளே கால் டிகிரிகூட ஏறாது. அளந்து பார்த்துவிட்டுத்தான் கழற்ற ஆரம்பித்திருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை அதிகாரி இன்னொரு கப் கேட்டனுப்பினார். பரிசோதகர் குவளையோடு போனார். அதிகாரி மகனின் கல்லூரி பற்றிப் பேச ஆரம்பித்தார், பேச்சு வளர்ந்தது. பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவந்து அறையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்.

திங்கட்கிழமை கதவைத் திறந்தபோது அறை அமைதியாக இருந்தது. பெட்டியின் இரைச்சல் இல்லை; சுவரில் இருந்தது கெட்டிலின் பிளக். கோடை, ஜன்னல்கள் இரண்டு நாளாகச் சாத்தியே கிடந்தன. பெட்டிக்குள் இருந்த வெப்பமானி, எட்டிய உச்சத்தைக் காட்டியது: முப்பத்தெட்டு. மற்ற தட்டுகள் காலி. அடித்தட்டில் நானூறு வெங்காய விதைகள், எல்லாம் ஒரே ஆளுடையவை, வைத்து நாலே நாள் ஆகியிருந்தது.

பிளக்கை மாற்றி மாட்டினார். வெப்பமானியின் பொத்தானை அழுத்தி உச்சத்தை அழித்தார். விடுமுறை நாட்களின் அளவைத் திங்கட்கிழமை சேர்த்து எழுதுவது அங்கே வழக்கம். பதிவேட்டில் இருபது, இருபது, இருபது என்று எழுதினார். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அதுதான் பிறகு அவரை அதிகம் உறுத்தியது.

பன்னிரண்டாம் நாள் எண்ணினார். நூற்றுக்கு ஐம்பத்தெட்டு. ஒருமுறைக்கு மூன்று முறை எண்ணினார். தேறவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நான்கு நாள் கழித்து அந்த விதைகளுக்குச் சொந்தமான விதைக்காரி வந்தார். ஐம்பது வயதிருக்கும். சண்டை போட வரவில்லை. உலர்த்தியதில் தப்பா, சேமித்ததில் தப்பா என்று தெரிந்துகொண்டு போகத்தான் வந்திருந்தார்.

"போன வருஷம் எம்பத்தஞ்சு வந்துச்சு தம்பி. அதே நிலம், அதே விதை. இந்தத் தடவை மருமகதான் காயப்போட்டா. வெயில்ல விட்டுட்டுப் போன்ல பேசிட்டு இருந்தியான்னு நல்லாக் கேட்டுட்டேன். பொசுக்குன்னு அம்மா வீட்டுக்குப் போயிட்டா."

பரிசோதகர் உட்காரச் சொன்னார். அதிகாரியின் அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, வெப்பமானி வரை ஒன்றுவிடாமல் சொன்னார்.

அதிகாரி எழுந்து, கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். தான் கேட்ட கப் அது என்பது அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும்.

"சந்தேகத்தின் பேர்ல மறுசோதனைன்னு போடுங்க. காரணம் எழுத வேணாம். இது இந்த ரூமை விட்டு வெளிய போகக்கூடாது. உங்களுக்காக மட்டும் சொல்லல."

கெட்டில் அன்றே வீட்டுக்குப் போனது. தலைவலி என்று எல்லோரும் புலம்பினார்கள். டீக்கடைக்கு வீட்டில் தடை உத்தரவு போலிருக்கிறது என்று காவலாளி கிண்டல் செய்தார். பரிசோதகர் தினமும் காலையில் பெட்டியின் முன்னால் போய் நின்றார். பன்னிரண்டாம் நாள் எண்பத்துநான்கு.

சான்றிதழ் வாங்க விதைக்காரி வந்தபோது விதைப்புக் காலம் பாதி கடந்திருந்தது. வழக்கமாக வாங்குகிறவர்களில் பாதிப்பேர் வேறு இடத்தில் வாங்கிவிட்டார்களாம். மீதியையாவது விற்றுவிடலாம் என்றார். வாசல்வரை கூட வந்த பரிசோதகரைக் கும்பிட்டார்.

"நீங்க போய்ப் பேசலேன்னா இதுவும் இல்ல தம்பி. நல்லா இருக்கணும் நீங்க." பிறகு தாளை மடித்துக்கொண்டே, "ஒண்ணுதான் புரியல. விதை நல்ல விதைன்னா, முதல்ல ஏன் அப்படி வந்துச்சு? மருமக கேப்பா. நான் என்ன சொல்றது?"

எந்திரக் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். நாக்கின் நுனிவரை வந்தது.

"கோளாறு என்கிட்டதாம்மா" என்றார். டீக்காகக் கழற்றிய பிளக்கையும், அழித்த உச்சத்தையும், மூன்று இருபதுகளையும் சொன்னார். படியேறி வந்த ஆட்களுக்கு வழிவிட நடுவில் நிறுத்தி, மீதியையும் சொன்னார்.

அந்த அம்மாள் கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"டீ நல்லா இருந்துச்சா, சார்?"

"இருந்துச்சும்மா."

விதைக்காரி தலையை ஆட்டிக்கொண்டார். பையைத் துழாவிக் கைபேசியை எடுத்தார். கண்ணருகே வைத்து எண்ணைத் தேடி, அழுத்தி, பரிசோதகரின் பக்கம் நீட்டினார்.

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? திட்டு வாங்கினவ அவ."

மணி நான்கு முறை அடித்தது. பிறகு ஒரு இளம் குரல், வேண்டாவெறுப்பாக, என்ன அத்தை என்றது.

"அத்தை இல்லம்மா" என்று ஆரம்பித்தார் பரிசோதகர்.